விற்பனைக்கு இல்லாத மணல்

அத்தியாயம் 5

ஜட்கா மேலூரைத் தாண்டியதும் ரோசரி மூன்றாவது முறையாகக் கைப்பையைத் திறந்து அந்தப் போஸ்ட் கார்டை எடுத்தாள். படிக்க அதில் புதிதாக ஒன்றும் இல்லை. மூன்றே வரி. ஆனாலும் தம்பியின் கையெழுத்து கண்ணெதிரே இருக்கும்வரை அவன் எங்கேயோ மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறான் என்று ஒரு நினைப்பு. பைக்குள் வைத்ததும் அந்த நினைப்பும் போய்விடும்.

“அந்தக் கார்டு தேஞ்சு போயிடும்மா,” என்றார் எதிரே உட்கார்ந்திருந்த ஹனீஃபா.

“தேஞ்சா போஸ்ட் ஆபீஸ்ல வேற வாங்கிக்கலாம் பாய். தம்பியைத்தான் அங்க விக்கிறதில்லை.”

பயம் வந்தால் ரோசரிக்கு வாய் சும்மா இருக்காது. இன்று காலையிலிருந்து அது ஒரு நிமிஷம் மூடவில்லை என்பதிலிருந்தே ஹனீஃபா அவள் பயத்தை அளந்து வைத்திருந்தார். திருச்சி பெரிய கடைவீதியில், அத்தர் கடை மாடியில், ஹனீஃபாவின் துப்பறியும் நிலையத்துக்கு டைப் அடிக்க வந்தவள் அவள். ஐந்து வருஷத்தில் டைப் மிஷினுக்கு வேலை குறைந்து இவளுக்கு வேலை கூடிவிட்டது. ஹனீஃபா அதற்கு முன் இருபது வருஷம் போலீஸ் ஸ்டேஷனில் ரைட்டராக இருந்து, அடுத்தவர் சொல்லும் பொய்களை அழகான கையெழுத்தில் எழுதிக்கொடுத்தவர். இப்போது அவற்றைத் திருத்தும் தொழில்.

இந்த முறை வந்த கேஸ் ரோசரியின் சொந்தக் கேஸ். காணாமல் போனவன் அவள் தம்பி தைரியராஜ். அந்தப் பெயரை வைத்த பாதிரியார் குழந்தையைச் சரியாகப் பார்க்கவில்லை போலிருக்கிறது. மேலே பல்லி விழுந்தால் மூன்று நாள் காய்ச்சலில் படுக்கிற ஆள். ஸ்ரீரங்கத்துக்கு மேற்கே நாணற்படுகைப் பக்கம் கிராம சேவக் உத்தியோகம். போன ஆடியில் கொள்ளிடத்தில் வந்த வெள்ளம் கரையோர வயல்களில் மணலை அடித்துப் போட்டுவிட்டுப் போனதா, அந்த மணலை அகற்ற ஏக்கருக்கு இவ்வளவு என்று சர்க்கார் மானியம் அறிவித்தது. தைரியராஜ் வயலைப் பார்த்துச் சர்டிபிகேட் எழுத வேண்டும். மேலதிகாரி ஜீப்பில் வந்து ஒரு பார்வை பார்ப்பார். பிறகு பணம் வரும்.

நான்கு நாளைக்கு முன்னால் ஆபீஸ் நோட்டில் ‘நாணற்படுகை, பெரியண்ணன் வயல்’ என்று எழுதிவிட்டுச் சைக்கிளில் கிளம்பியவன் திரும்பவில்லை. வந்தார், மோர் குடித்தார், போய்விட்டார் என்று பெரியண்ணன் சொல்லிவிட்டார். மானியத்தில் கை வைத்துவிட்டு ஓடிவிட்டான் என்று ஆபீஸ் சொன்னது. போலீசும் அதையே எழுதிக்கொண்டது. நேற்று இந்தக் கார்டு வந்தது. ‘அக்கா, நான் மெட்ராஸ் போகிறேன். வேலை பிடிக்கவில்லை. தேட வேண்டாம்.’

“இன்னொரு தடவை கேக்கறேன்,” என்றார் ஹனீஃபா. “உங்க வீட்டுல லெட்டர் எழுதினா தலைப்புல என்ன போடுவீங்க?”

“சிலுவை. அதுக்குக் கீழ இயேசு மரி சூசை. ராஜு அதுல ரொம்பக் கண்டிப்பு பாய். எங்கம்மா செத்ததுக்குத் தந்தி அடிக்கப் போய், சிலுவை எங்க போடணும்னு போஸ்ட் மாஸ்டர்கிட்ட கேட்டவன்.”

“இதுல என்ன இருக்கு?”

கார்டின் நெற்றியில் பிள்ளையார் சுழி. கீழே இரண்டு கோடும் ஒரு புள்ளியுமாக, பழகிய கை போட்ட சுழி.

“எவனோ ஒருத்தன் கார்டை எடுத்து, பழக்க தோஷத்துல சுழி போட்டிருக்கான். அப்புறம்தான் நினைப்பு வந்து, உன் தம்பி கையில பேனாவைக் குடுத்து எழுதுடான்னிருக்கான்.”

“வேற கார்டு எடுத்திருக்கலாமே.”

“சுழி போட்டதைக் கிழிச்சுப் போட மனசு வருமா? ஆளைக் கடத்துறதுக்குப் பயப்படாதவன்கூட அதுக்குப் பயப்படுவான்.”

ரோசரி சிரிக்க முயன்றாள். வரவில்லை. “அப்ப அவன் உசுரோட இருக்கானா பாய்?”

“எழுதும்போது இருந்திருக்கான்,” என்றார் ஹனீஃபா. ஆறுதலுக்குக்கூட ஒரு பொய் சொல்லத் தெரியாத மனுஷர். அந்தக் கணத்தில் ரோசரிக்கு அவரைப் பிடிக்கவே இல்லை.

*

பெரியண்ணன் வயலோரத்து மோட்டார் கொட்டகையின் வாசலில் கயிற்றுக் கட்டில் போட்டு உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயது, வெள்ளைச் சட்டை, நெற்றியில் சந்தனம். பக்கத்தில் இரண்டு ஆட்கள் வேலை எதுவும் செய்யாமல் நின்றிருந்தார்கள். கொட்டகையின் உள்கதவில் வெளிப்பக்கம் பூட்டு தொங்கியது. ரோசரி அதைப் பார்த்தாள். பார்த்ததைக் காட்டிக்கொள்ளாமல் இருக்க வாய்க்காலைப் பார்த்தாள்.

“காட்டூர்ல வீடு கட்டறேன்,” என்று ஆரம்பித்தார் ஹனீஃபா. “இவங்க கட்டட வேலையைப் பாத்துக்கறவங்க. உங்க வயல்ல வெள்ள மணல் கிடக்குன்னு கேள்விப்பட்டேன். நானே வண்டி கொண்டாந்து அள்ளிக்கறேன். உங்களுக்குக் கூலி மிச்சம்.”

“மணல் குடுக்கறதுக்கில்லீங்க பாய்.”

“சும்மா வேணாம். வண்டிக்கு ஒரு ரூபா தரேன்.”

“வேணாங்க.”

“ஒண்ணரை.”

“அது கிடக்கட்டுங்க. கவர்மெண்டு ஆளுங்க வந்து பாக்கணும். அதுவரைக்கும் தொடக் கூடாது.”

“பாத்துட்டுப் போயாச்சுன்னு சொன்னாங்களே,” என்றார் ஹனீஃபா, மிகவும் சாதாரணமாக.

வேலையில்லாமல் நின்ற இரண்டு பேரும் ஒரே சமயத்தில் திரும்பினார்கள். பெரியண்ணனின் குரல் மட்டும் மாறவில்லை. “யாரு சொன்னா?”

ரோசரியின் வாய் முந்திக்கொண்டது. “பஸ்ல பேசிக்கிட்டாங்க. பஸ்ல என்னதான் பேச மாட்டாங்க. எனக்குக் கல்யாணம் ஆயிடுச்சுன்னுகூடப் போன வாரம் பேசிக்கிட்டாங்க.”

பெரியண்ணன் புன்னகை செய்தார். இளநீர் வெட்டச் சொன்னார். ஹனீஃபா நின்றபடியே குடித்துவிட்டுக் கும்பிடு போட்டார். ஜட்கா திரும்பும்வரை பெரியண்ணனின் கண் ரோசரியின் கைப்பையின் மேலேயே இருந்தது.

வாழைத் தோப்புக்கு அப்பால் வண்டி மறைந்ததும் ஹனீஃபா ஜட்காக்காரரை நிறுத்தச் சொல்லி இறங்கினார். “சும்மா அள்ளிட்டுப் போறேன்னாலும் வேணாம். காசு குடுத்தாலும் வேணாம். மணலை அகத்தணும்னு சர்க்காருகிட்ட காசு வாங்கற மனுஷனுக்கு மணலைப் பிரிய மனசில்லை. என்னம்மா அர்த்தம்?”

“மணல் மேல காதல்.”

“வா, பாக்கலாம்.”

தோப்புக்குள் நடந்து வயலின் மறுகோடிக்கு வந்தார்கள். உச்சி வெயில். வடக்கே கொள்ளிடக் கரை தெரிந்தது. தெற்கே, அவர்கள் வந்த ரோடு. ஹனீஃபா வரப்பில் நின்று இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகு ரோசரியையும் பார்க்கச் சொன்னார்.

ரோட்டை ஒட்டிய நான்கு பாத்தியில் மட்டும்தான் மணல் பளபளத்தது. ஆற்றுப் பக்கம் முழுக்க நல்ல கறுப்பு மண், ஒரு குத்து மணல் இல்லை.

“ஆத்து வெள்ளம் ஆத்துப் பக்கத்தை விட்டுட்டு ரோட்டுப் பக்கமா வந்திருக்கு,” என்றார் ஹனீஃபா.

“முசிறி பஸ்ல வந்து இறங்கியிருக்கும் பாய்.” சொல்லிவிட்டு அவள் மணலைப் பார்த்தாள். நான்கு பாத்தி மணல் ஒரு மனுஷனை மறைக்கத் தாராளமாகப் போதும் என்று அவளுக்குத் தோன்றிவிட்டது. தோன்றிய பிறகு அதை விரட்ட முடியவில்லை.

மணலின் ஓரத்தில் ஒரு பெண் மண்வெட்டியால் அள்ளிக் கழுதைப் பொதியில் போட்டுக்கொண்டிருந்தாள். பதினொரு கழுதைகள். பேர் இருளாயி என்றாள். மேலூர் ரோட்டோரமாக அடுத்த வயலுக்கு மாற்றுகிறாளாம், கூலி பொதிக் கணக்கு.

“இதுக்கு முந்தி இந்த மணல் எங்க இருந்துச்சு?” என்று கேட்டார் ஹனீஃபா.

“அந்தாண்ட வயல்ல.”

“அதுக்கு முந்தி?”

“அதுக்கு அந்தாண்ட.” இருளாயி விரலை மடக்கி எண்ணினாள். இந்த வயலையும் சேர்த்து ஏழில் நின்றாள். “ஆபீசர் வர்றதுக்கு முந்தின நாள் கொட்டணும். ஜீப்பு போனதும் அள்ளணும். அவுரு ஜீப்பை விட்டு எறங்க மாட்டாராம், செருப்புல சேறு பட்டுடுமாம். அதான் ரோட்டுப் பக்கமே போடச் சொல்லுவாரு ஐயா. இதை ஆபீசர் பாத்து வாரமாச்சு. அடுத்த வயலுக்கு நாளைக்கு வாராராம்.”

“உங்களுக்கு நிலம் இருக்கா?”

“ஆத்தங்கரையில அரை ஏக்கரு. இடுப்பளவு மணலு கிடக்கு. லிஸ்டு முடிஞ்சுபோச்சு, எனக்குக் காசில்லைன்னுட்டாங்க.” அவள் இன்னொரு வெட்டு அள்ளிப் பொதியில் போட்டாள்.

அவள் அள்ளிய இடத்தில் ஹனீஃபா குனிந்தார். ஒரு சாண் மணலுக்குக் கீழே வரிசையாக அரிதாள், அரிவாள் அறுத்த மழமழப்போடு. தாளின் அடியில் வெயில் படாமல் வெளுத்த துளிர்கள். ஆடியில் மணல் மூடிய வயலில் சம்பா நட்டுத் தையில் அறுக்க எவனாலும் முடியாது. முதலில் அறுவடை, பிறகுதான் மணல். ஹனீஃபா நிமிர்ந்து அதைச் சொல்ல வாயெடுத்தார். ரோசரி அவர் பக்கத்தில் இல்லை.

அவள் பத்தடி தள்ளி மணலில் மண்டியிட்டிருந்தாள்.

மணலில் ஒரு விரல் உயரத்துக்குச் சின்னச் சிலுவை. இரண்டு நாணல் குச்சியை நூலால் கட்டி நட்டது. இந்த ஊரில் வேறு எவரும் இதைக் கவனித்திருக்க மாட்டார்கள். கவனித்தாலும் குப்பை என்று விட்டிருப்பார்கள். செத்த அணிலைப் புதைத்துவிட்டுத் தைரியராஜ் சின்ன வயதில் நடுவான் இதே மாதிரி. ரோசரி இரண்டு கையாலும் மணலைப் பறித்தாள். நகக்கண்ணில் மணல் ஏறியது. வாயில் ஒரு வேடிக்கைப் பேச்சும் வரவில்லை. ‘மாதாவே, உசுரோட இருந்தா போதும், வேற ஒண்ணும் கேக்க மாட்டேன்’ என்று மட்டும் உதடு முணுமுணுத்தது.

விரலில் துணி தட்டுப்பட்டது. கத்திவிட்டாள்.

சட்டை இல்லை. பை. தம்பி ஆபீசுக்குத் தூக்கிப் போகும் காக்கித் துணிப்பை. அதற்குள் ஒரே ஒரு நோட்டு. நடுவில் ஒரு பக்கத்தைப் புரட்டினாள். எந்தத் தேதியில், எந்த வயலில், எத்தனை பொதி மணல் கொட்டினார்கள் என்று தம்பியின் ஒழுங்கான கையெழுத்தில் எழுதியிருந்தது.

“ஆளைப் புதைக்கலை,” என்றார் ஹனீஃபா மெதுவாக. “ஆள்தான் இதைப் புதைச்சிருக்கான்.”

வாழைத் தோப்புப் பக்கம் சைக்கிள் மணி கேட்டது. ரோசரி திரும்பிப் பார்த்தாள். வெள்ளைச் சட்டை. பின்னால் இரண்டு பேர். யோசிக்க நேரமில்லை. நின்றிருந்த கழுதையின் பொதிக்குள் நோட்டைச் செருகி மேலே இரண்டு கை மணலைத் தள்ளினாள். இருளாயி பார்த்துக்கொண்டிருந்தாள்.

*

“மணல் குடுக்கறதுக்கில்லைன்னு சொன்னேனே பாய்,” என்றார் பெரியண்ணன்.

“எவ்வளவு தேறும்னு ஒரு கண்ணு பாத்துட்டுப் போகலாம்னு வந்தோம்.”

“ரெண்டு பேருக்குன்னா ரொம்பத் தேவைப்படாதுங்க.”

அதைச் சொன்ன விதத்தில் கோபமே இல்லை. இளநீர் வெட்டச் சொன்ன அதே குரல். புதைக்க என்ற வார்த்தையை மட்டும் விட்டுவிட்டார்.

பெரியண்ணன் இருளாயி பக்கம் திரும்பினார். “நீ என்ன வேடிக்கை பாக்கறே? பொழுதுக்குள்ள மாத்தணும். ஓட்டு.”

“சரிங்க ஐயா.” இருளாயி நாக்கைச் சொடுக்கினாள். பதினொரு கழுதையும் அசைந்து ரோட்டில் ஏறி மேலூர்ப் பக்கம் நடந்தன. தன் வாயாலேயே அந்த மனுஷர் நோட்டை அனுப்பிவைத்தார். ரோசரி கழுதைகளைப் பார்க்காமல் இருக்கத் தன் கால் கட்டை விரலையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அப்போதுதான் குழியைக் கவனித்த பெரியண்ணன் ஓர் ஆளை அனுப்பினார். அவன் கொட்டகையிலிருந்து கூட்டிவந்தது தைரியராஜை. நான்கு நாள் தாடி, கசங்கிய சட்டை, ஆனால் நடந்து வந்தான். ரோசரிக்குக் கண் நிறைந்துவிட்டது. ஓடப் போனவளை இன்னொருவன் கை நீட்டித் தடுத்தான்.

தைரியராஜ் அக்காவைப் பார்க்கவில்லை. மணலில் பறித்த குழியையும் பக்கத்தில் கிடந்த காக்கிப் பையையும் பார்த்தான்.

“எடுத்துட்டியாக்கா?”

“எடுத்துட்டேன்டா. நீ…”

“அது கிடைக்காத வரைக்கும்தான்க்கா இவங்க எனக்குச் சோறு போட்டாங்க.”

ரோசரிக்கு அது புரிய ஒரு கணம் பிடித்தது. நான்கு நாளாக இவன் உயிரைக் காத்தது மணலுக்குள் கிடந்த அந்த நோட்டு. அதைத் தன் கையாலேயே தோண்டி எடுத்துவிட்டாள்.

பெரியண்ணனின் ஆட்கள் அவள் கைப்பையை மணலில் கொட்டினார்கள். ஜெபமாலை, கைக்குட்டை, போஸ்ட் கார்டு, பாதி தின்ற வேர்க்கடலைப் பொட்டலம். ஹனீஃபா கேட்பதற்கு முன்பே தன் ஜிப்பாப் பையை வெளியே இழுத்துக் காட்டினார்.

“நோட்டு இங்க இல்லீங்க. இந்நேரம் ஊர் எல்லையைத் தாண்டியிருக்கும். எங்க மேல கை வெச்சீங்கன்னா அது நேரே கலெக்டர்கிட்ட போகும்.”

கொள்ளிடக் கரையில் ஒரு கொக்கு எழுந்து மறுபடி உட்கார்ந்தது. பெரியண்ணன் வரப்பில் உட்கார்ந்து துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். முகம் தெளிந்திருந்தது. அந்தத் தெளிவுதான் ரோசரியை இன்னும் பயமுறுத்தியது.

“போகட்டும் பாய். அந்த நோட்டுல கடைசிப் பக்கத்துல என்ன இருக்குன்னு உங்க தம்பியைக் கேளுங்கம்மா.”

தைரியராஜ் மணலைப் பார்த்துக்கொண்டே சொன்னான். “ஏழு சர்டிபிகேட்டோட நகல்க்கா. ஏழுலயும் என் கையெழுத்து.”

“அடிச்சாங்களா?”

“இல்லை. முதல் தடவை பயந்துக்கிட்டுப் போட்டேன். அடுத்த ஆறும், முதல் தடவை போட்டதை வெளிய சொல்லிடுவாங்களேன்னு போட்டேன். எட்டாவதைப் போடலை.”

“எட்டாவது?”

“இருளாயி பேருல எழுதிக் கொண்டாந்தாங்க. அந்தம்மாவுக்குத் தெரியாமலே. நிஜமா மணல் கிடக்கிறது அவங்க நிலத்துலதான்க்கா. அவங்க பேருல வாங்கி அவங்களுக்கே குடுக்காம… அதுல மட்டும் கை வரலை. எல்லாத்தோட கணக்கும் நகலும் மறைச்சு வெச்சிருக்கேன்னு இவங்ககிட்ட சொல்லிட்டேன்.”

பெரியண்ணன் எழுந்தார். “கூட்டிட்டுப் போங்கம்மா. இனிமே இவன் எனக்கு எதுக்கு? அந்த நோட்டு வெளிய வந்தா முதல்ல உள்ள போறவன் இவன்தான். உங்க தம்பி. நீங்களே அதை அடுப்புல போட்டுடுவீங்க.”

அவர் சொல்வதற்கு முன்பே அடுப்பை ரோசரி நினைத்துவிட்டிருந்தாள்.

*

ஜட்கா மேலூர்ப் பக்கம் திரும்பியது. தைரியராஜ் அக்காவின் முந்தானை நுனியைப் பிடித்துக்கொண்டிருந்தான். இருபத்து நான்கு வயது ஆள். அவள் விலக்கவில்லை.

மேலூர் முக்கில் இருளாயி காத்திருந்தாள். கழுதைகள் வரிசையாக நின்றன.

“பொதியில நீ வெச்ச நோட்டு தாயி,” என்றாள். “எனக்குப் படிக்கத் தெரியாது. ஈரம் படாம வெச்சிருக்கேன்.”

ரோட்டை ஒட்டி வாய்க்கால். கணுக்கால் அளவுதான் தண்ணீர். மையை அழிக்க அது போதும். ரோசரி ஹனீஃபாவைப் பார்த்தாள். அவர் குதிரையின் காதைப் பார்த்துக்கொண்டிருந்தார். இந்த ஒரு முறை, அவள் நோட்டை என்ன செய்தாலும் அவர் எதையும் கண்டுபிடிக்கப் போவதில்லை என்று தெரிந்தது. அதுவே அவளுக்குத் தாங்க முடியாததாக இருந்தது. ஜெயில், ஊர்ப் பேச்சு, அதற்கு முன்பே இருட்டில் வரக்கூடிய பெரியண்ணனின் ஆட்கள், எல்லாம் ஒன்றாக வந்து எதிரே நின்றன. இறங்க வேண்டும் என்று நினைத்தாள். இறங்கவில்லை.

முந்தானை இழுபட்டு விடுபட்டது. தைரியராஜ் இறங்கியிருந்தான்.

அவன் கழுதையிடம் போவதற்குள் இரண்டு முறை நின்றான். இருளாயியிடம் அவள் பேரில் எழுதிய அந்த எட்டாவதைப் பற்றித் தாழ்ந்த குரலில் சொன்னான். அவள் அவனை உற்றுப் பார்த்தாள், பிறகு பொதியிலிருந்து நோட்டை எடுத்துக் கொடுத்தாள். அவன் அதை மார்போடு அணைத்துக்கொண்டு திரும்பினான். வாய்க்கால் ஓரத்தில் அவன் நடை தயங்கியது. அவன் எதைச் செய்ய வேண்டும் என்று தான் வேண்டுகிறோம் என்பதே ரோசரிக்குத் தெரியவில்லை.

தைரியராஜ் வண்டியருகே வந்து நோட்டை ஹனீஃபாவின் மடியில் வைத்தான்.

“நீங்களே வெச்சுக்குங்க பாய். கலெக்டர் ஆபீஸ் வர்ற வரைக்கும் நான் கெஞ்சினாலும் குடுக்காதீங்க. எங்க அக்கா கேட்டாலும் குடுக்காதீங்க.”